வேலியிலிருந்து ஆறடி

என் வீட்டுக் கொல்லையில் என் கணவன் இன்னொரு வீடு கட்டப் போகிறான் என்ற செய்தியை எனக்குச் சொன்னவள் எதிர்வீட்டு பெவர்லி. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனபோது, கையில் மஞ்சள் அட்டையோடு வந்து நின்றாள்.

“மேரிட், தப்பா எடுத்துக்காத. வீடு கட்டிக்கோங்க, வேண்டாங்கல. அந்த பைன் மரத்த மட்டும் வெட்டிராதீங்க.”

“எந்த வீடு?”

“ஏன், உன் வீட்டுக்காரர் உன்கிட்ட சொல்லலையா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். என் முகவரிதான். பின்புறம் சிறு வீடு கட்ட அனுமதி கேட்பவர், வெண்டல் ஹோகன்சன். நகராட்சித் திட்டக் குழுவின் விசாரணை செவ்வாய் மாலை ஆறரை மணிக்கு.

அந்தத் திட்டக் குழுவில் ஆறு வருடமாக உறுப்பினர் நான்.

எங்கள் ஊரான லூன் க்ரோவில் யாராவது கட்ட அனுமதி கேட்டால் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் இந்த அட்டை போகும். கட்டப்போகிற வீட்டுக்கு மட்டும் போகாது. அங்கிருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நினைப்பு. இருவர் பெயரில் உள்ள வீட்டுக்கு ஒருவர் கையெழுத்தே போதும். இதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஆறு வருடத்தில் எனக்கும் தோன்றியதில்லை.

வெண்டல் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம். பெரிய சண்டை எதுவும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தான். என் மசாலா டப்பாக்களை மாற்றி அடுக்கினான். வெங்காயம் எப்படி நறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். “கொஞ்ச நாள் என் கண்ல படாம இரேன்” என்றேன் ஒருநாள். பக்கத்து ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். திரும்பி வரும் பேச்சை முதலில் யார் எடுப்பது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வெளிப்படையாகக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

இப்போது வீடு. என்னிடம் திரும்பி வருவதற்கா? நிரந்தரமாகத் தனியே இருப்பதற்கா? வாடகைக்கு விடுவதற்கா?

உடனே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் விசாரணைக்கு முன் விண்ணப்பதாரரோடு உறுப்பினர் பேசக் கூடாது என்பது விதி. நகராட்சியில் திட்ட அலுவலராக இருக்கும் கைலாவுக்குப் போன் போட்டேன்.

“என் புருஷன்கிட்ட நான் பேசலாமா?”

“விண்ணப்பத்தைப் பத்தி வேண்டாம் மேடம். மத்தது எல்லாம் பேசலாம்.”

“மத்தது என்னம்மா இருக்கு?”

ஞாயிறன்று வழக்கம்போல அவனே கூப்பிட்டான்.

“ஏரியில ஐஸ் உருகிருச்சா?”

“ஓரத்துல உருகியிருக்கு.”

“ம்” என்றான். “செவ்வாய்க்கிழமை நீ இருப்பேல்ல?”

“அதைப் பத்திப் பேசக் கூடாது வெண்டல்.”

“ஓ. சரி சரி.”

விசாரணைக்காகக் குழுவுக்கு வந்த வரைபடத்தைப் பார்த்தேன். கொல்லை அவ்வளவு பெரிதாக இருக்க, வீட்டைக் கடைசி வேலியை ஒட்டித் தள்ளியிருந்தான். வேலியிலிருந்து ஆறடிதான். விதிப்படி பத்தடி விட வேண்டும். அந்த நாலடிக்கு விலக்கு கேட்டுத்தான் விண்ணப்பமே. என்னிடமிருந்து இன்னும் நாலடி தள்ளி இருக்க நகராட்சியிடம் அனுமதி கேட்கிறானா?

செவ்வாயன்று குழுத் தலைவர் குவிஸ்ட் வெண்டலின் விண்ணப்பத்தை வாசித்ததும் நான் எழுந்தேன். “என் சொந்த வீடு. இந்த விசாரணையிலிருந்து நான் விலகிக்கறேன்.”

“இதுக்கா ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வெச்சிருந்தீங்க?” என்றார் அவர். “விலகப் போறவங்களுக்கு அந்தப் பேசக் கூடாத விதி எதுக்கு? தாராளமா வீட்டுக்காரர்கிட்டப் பேசியிருக்கலாமே.”

எனக்குக் காது சூடானது. கைலா தன் தாள்களுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

“போன வருஷம் கொல்லையில சின்ன வீடு கட்ட விடணும்னு எங்க எல்லாரையும் சம்மதிக்க வெச்சதே நீங்கதான்” என்று குவிஸ்ட் விடவில்லை. “வயசானவங்களுக்கும் சின்னஞ்சிறுசுகளுக்கும் இந்த ஊர்ல இடமே இல்லன்னு ஒரு மணி நேரம் பேசினீங்க. இப்போ குடிமகளா வந்து மூணு நிமிஷம் பேசலாம். உங்க விருப்பம்.”

பேச்சு மேடைக்குப் போனேன். பேச்சு நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. முன்வரிசையில் வெண்டல், எங்கள் மகள் திருமணத்துக்குப் போட்ட கோட்டில்.

“ஆறடி எதுக்கு?” என்று கேட்டேன். அவனைக் கேட்கக் கூடாது, குழுவைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஆனால் யாரும் தடுக்கவில்லை.

“முன்னாடி தள்ளினா உன் சமையல்கட்டு ஜன்னலை மறைக்கும்” என்றான். “காலையில காபி குடிக்கும்போது ஏரியைப் பார்ப்ப இல்ல.”

கையிலிருந்த வரைபடத்தை விரித்தேன். நூற்றுக்கணக்கில் வரைபடம் பார்த்த கண், அது பாட்டுக்குத் தேடியது. படுக்கை, குளியலறை, மேசை.

“வெண்டல், அடுப்பு எங்க?”

“அடுப்பு போடல.”

“போடலன்னா?”

“சாப்பாட்டுக்கு...” கழுத்தைச் சொறிந்தான். “பெரிய வீட்டுக்கு வரலாம்னு நெனச்சேன்.”

பின்வரிசையில் பெவர்லி சத்தமாக மூச்சு விட்டாள். கைலா தலை நிமிர்ந்தாள்.

“சார், அடுப்பு இல்லன்னா விதிப்படி இது வீடே இல்ல. தோட்டத்து அறை. அதுக்கு வேலியிலிருந்து அஞ்சடி விட்டாலே போதும். விலக்கு வேண்டியதில்ல. நான்தான் கவனிக்கல.”

“அப்போ எங்களுக்கு இங்க என்ன வேலை?” என்றார் குவிஸ்ட்.

“ஒண்ணும் இல்ல சார்.”

வெண்டல் எழுந்தான். “அப்போ நான் யாரைக் கேக்கணும்?”

ஐந்து உறுப்பினர்களும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கு எத்தனை வீடு வேண்டும், எங்கே நடைபாதை வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசியவள், ஒரு அறைக்கு ஆமா இல்லை சொல்ல முடியாமல் நின்றேன். அவன் வேண்டும். ஆனால் எட்டு மாத அமைதியும் பிடித்துப் போயிருந்தது. இரண்டும் ஒரே கொல்லையில் அடங்குமா?

“எனக்குத் தெரியல வெண்டல்.”

“சரி” என்றான். உட்காரவில்லை.

“தெரியலன்னுதான் சொன்னேன். வேண்டாம்னு சொல்லல.” நேரம் முடியப் போகிறது என்று மஞ்சள் விளக்கு வந்தது. “முதல்ல சாப்பிட வா. வியாழக்கிழமை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் பண்றேன். அறையைப் பத்தி அன்னிக்குப் பேச மாட்டேன். அடுத்த வியாழன் மறுபடி வா. அதுக்கு அடுத்ததும்.”

“எத்தனை வியாழன்?”

“அதுவும் தெரியாது.”

“இதைக் குறிப்புல எழுதணுமா?” என்றாள் கைலா மெதுவாக.

“எழுதாதம்மா” என்றார் குவிஸ்ட். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது என்று சொல்லி, அடுத்ததை எடுத்தார். கார் கழுவும் நிலையத்தின் பெயர்ப்பலகை உயரம். நான் என் இருக்கைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

தன் வேலை முடிந்த பிறகும் வெண்டல் கிளம்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பெயர்ப்பலகை பற்றிய பேச்சை மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கி வாக்களித்தேன். எதற்கு ஆதரவாக என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.