பாலத்தில் நடப்பவள்

"படத்தின்ர கீழ் விளிம்பில என்ர பேரும் வரவேணும், அண்ணை."

கேட்டுவிட்டேன். "லீவு கேள், கையுறை கேள், பேர் மட்டும் கேளாதை றெபேக்கா" என்று அப்பா ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். மொன்றியல் டோர்வல் விமானநிலையத்தில் பதினெட்டு வருடம் தரை துடைத்தவர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பிறகு எதற்குப் படித்தேன்?

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஞானேந்திரன் அண்ணையின் பட்டறை. 2006 மாசி. யப்பானிய முறையில் மொன்றியலின் எட்டுக் காட்சிகளை அச்சிடுகிறோம். அவர் தாளில் படம் கீறுவார். அந்தத் தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை விட்டு மிச்ச மரத்தைச் செதுக்கி எடுப்பது நான். அச்சிடுவதும் நான். யப்பானில் போன நூற்றாண்டுப் படங்கள் சிலவற்றில் செதுக்கியவர் பெயரும் விளிம்பில் சின்னதாக நிற்கும். இங்கே பென்சிலில் அவர் கையெழுத்து மட்டும்.

அண்ணை சிரித்தார். "யூனிவர்சிற்றி போனா வாய் நீளும் எண்டு தெரியும். பேந்து பாப்பம், வேலை முடியட்டும். அச்சைப் போடும்."

ஏழாவது காட்சி, பனியில் ஜாக் கார்த்தியே பாலம். ஆளில்லாத பாலம். முதல் தாளை உரித்தேன். முதல் தூணருகே ஒரு பெண், முதுகு காட்டி நின்றாள். நிறத்துக்கு ஒன்றாக வெட்டிய ஆறு பலகைகளையும் உள்ளங்கையால் தடவினேன். எதிலும் அவள் இல்லை. இரண்டாம் தாளில் இரண்டாம் தூண். ஐந்தாவதில் பாலத்தின் கடைசி.

"அண்ணை, இவ ஆர்?"

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "சிவமலர். உமக்கு முதல் இஞ்ச செதுக்கினவ."

"நீங்கள் கீறினதோ?"

"இல்லை. தானா வருவா."

"எங்க இப்ப?"

"தெரியாது. அவவும் பேரைத்தான் கேட்டவ. பேந்து எண்டன். பேந்து கேக்கேல்லை."

மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஆறாவது தாளில் அவள் படத்தின் ஓரக்கோட்டுக்கு வந்துவிட்டாள். கோட்டில் கை வைத்திருந்தாள். அந்த இடத்தில் கோடு மயிரளவு அறுந்திருந்தது. பலகையைப் பார்த்தேன். நான் விட்ட கோடு முழுசாக இருந்தது.

ஏழாவது தாளையும் உரித்தேன். சிவமலர் அதே ஓரத்தில் நின்றாள். முதல் தூணருகே இன்னொருத்தி. தொப்பி வைத்த குளிர்க்கோட்டு. வலது பை கிழிந்து தொங்குகிறது. என் கோட்டு பின்னால் ஆணியில் கிடந்தது, கிழிந்த பையோடு.

அண்ணை எட்டிப் பார்த்தார். "ஆ, வடிவா வந்திருக்கு!" பென்சிலை எடுத்து, எனக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

"எட்டாவது காட்சியையும் வெட்டி முடியும் பிள்ளை. பேரைப் பற்றிப் பேந்து கதைப்பம்."

உளிகளைத் துடைத்துத் துணியில் சுற்றினேன். என்னுடைய உளிகள். குளிர்க்கோட்டை மாட்டினேன்.

"எங்க போறீர்? தேத்தண்ணியோ? நாளைக்கு எத்தினை மணிக்கு வாறீர்?"

"வரமாட்டன்."

"எட்டாவது?"

"நீங்களே வெட்டுங்கோ."

கதவைத் திறந்தேன். பனி முகத்தில் அடித்தது. படியிறங்கி, ஆற்றுக்கு அடியால் போகும் மெட்ரோப் பக்கம் நடந்தேன்.