டப்ளினுக்குப் போனவன்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளில் மூட்டை தூக்கிய நல்லசிவமும் முப்பிடாதியும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். சாயங்காலமானால் குத்துச்சண்டைச் சங்கக் கொட்டகையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் குத்திப் பழகுவார்கள். பெரும்பாலும் நல்லசிவம்தான் ஜெயிப்பான். அதனால் 1977இல் மாவட்டத் தேர்வுக்குச் சங்கம் அவன் பெயரையே கொடுத்தது. தேர்வன்று காலை தராசில் ஏறினால் எடை கூடுதல். முந்தின நாள் அக்காள் வீட்டில் வயிறு முட்டத் தின்ற கப்பைக்கிழங்கும் மீன்கறியும்! மாற்று ஆளாகக் கூட வந்திருந்த முப்பிடாதி ரிங்குக்குள் ஏறினான்.

பிறகு அவனுக்கு ஏறுமுகம்தான். மாநிலப் பட்டம், ரயில்வே வேலை, தேசியப் பட்டம். 1982இல் இந்திய அணியோடு அயர்லாந்துக்குப் போய், டப்ளினில் அந்த ஊர்ச் சாம்பியனையே தோற்கடித்துப் பதக்கத்தோடு வந்தான். பத்திரிகையில் வந்த அவன் படத்தைச் சாயாக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அன்று முதல் நல்லசிவம் அந்தக் கடையை விட்டுவிட்டுத் தோப்பும்படிவரை நடந்துபோய்ச் சாயா குடித்தான்.

முப்பிடாதி டப்ளினிலிருந்து வாங்கிவந்த கம்பளிச் சட்டையை நல்லசிவத்தின் மனைவி கங்கா தன் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். நல்லசிவம் அதை உருவி எறிந்தான்.

"இந்த வெயில்ல கம்பளியா? அந்தப் பதக்கம் எனக்குள்ளதுடி. அவன் எடத்துல நான் நின்னிருக்கணும்."

"ரெண்டு துண்டு கப்பையைக் கொறச்சித் தின்னிருந்தா நின்னிருப்பீக" என்றாள் மனைவி.

சங்கத்தில் முப்பிடாதிக்கு வரவேற்பு வைத்தார்கள். ஊர் பார்க்க அவனோடு ஒரு காட்சிச் சண்டை போட ஆள் கேட்டபோது நல்லசிவம் முன்னால் வந்தான்.

"சிவம், டப்ளின்ல போட்ட புருவத்துத் தையல் இன்னும் ஆறல. அங்கன மட்டும் படாமப் பாத்துக்கோடே. அடுத்த வாரம் டெல்லி ஏசியாட் போட்டிக்குச் செலக்‌ஷன்" என்று முப்பிடாதி காதோரம் சொன்னான்.

முதல் ரவுண்டு விளையாட்டாகப் போயிற்று. கூட்டம் ஒரே பெயரைத்தான் கூவியது. நல்லசிவம் ஒன்றிரண்டு நல்ல குத்து விட்டபோதும் அதே பெயர்தான். இரண்டாவது ரவுண்டில் அவன் இடது கையை ஆட்டிக் காட்டினான். முப்பிடாதி அந்தப் பக்கம் திரும்பியதும் வலது கை நேரே புருவத்தில் இறங்கியது.

ரத்தத்தைப் பார்த்ததும் நல்லசிவத்துக்கு உள்ளே இனித்தது. வீடு போய்ச் சேரும்வரைகூட அந்த இனிப்பு நிற்கவில்லை.

ஏசியாட் தேர்வுக்கு முப்பிடாதியை டாக்டர் விடவில்லை. நல்லசிவம் அவன் வீட்டுக்குப் போனபோது தாய் மூக்கம்மாள்தான் கதவைத் திறந்தாள்.

"தெரியாமப் பட்டுட்டுன்னு எம்மவன் சொன்னான். உள்ள வா, சாயா குடி."

கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த முப்பிடாதி, அவள் அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மைக்காகச் சொன்னது அது. உன் கை எனக்குத் தெரியாதா? இனிமே என் கண்ணுல படாத."

நல்லசிவம் சாயாவுக்குக் காத்திராமல் இறங்கிப் போனான்.

மறுவருடம் முப்பிடாதி மீண்டும் தேசியப் பட்டம் வென்று வந்தான். தெருவே திரண்டு வெடி போட்டது. கங்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நல்லசிவம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே அந்தப் பெயரைச் சொல்லிக் கூவிய குரல்களில் அவளுடையது மட்டும் அவனுக்குத் தனியாகக் கேட்டது.