பரிமளா கொளுத்திய ஏரி விளக்கு

பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உத்திரமேரூர் பரிமளா கப்பலேறிப் போனாள். அந்தமானுக்கும் அப்பால் ஒரு குட்டித் தீவு. அங்கே கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடித்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பினாள்.

அவள் சொன்னதையெல்லாம் தெருவே வாய் பிளந்து கேட்டது. நூற்று முப்பது வருஷத்துக் கோபுரம். கல் முழுக்கக் கப்பலில் வந்தது. புயலில் அலை மோதினாலும் அசையாதபடி அடிச்சுவர் எட்டடி கனம். மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் இரண்டே அடி. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, வளையம் வளையமாக. பாதரசத்தில் மிதப்பதால் ஒற்றை விரலால் தள்ளினாலே சுற்றுமாம். அதைத் துடைக்க, உயரத்துக்குப் பயப்படாத ஆள் கேட்டபோது இவள்தான் ஏறினாள்.

"உள்ள எரியிறது உள்ளங்கை அளவு பல்புதாண்ணே. கண்ணாடிதான் அத்த இருபது மைலுக்கு அனுப்புது" என்றாள்.

எலக்ட்ரிக் கடை வெங்கடேசன் விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது வருசமா பல்பு விக்கிறேன். எங்கிட்டயே கப்சாவா?"

பரிமளாவுக்குச் சுருக்கென்றது. நேரே அவர் கடையின் பின்பக்கம் போனாள். உடைந்து கிடந்த பழைய பெரிய டிவி ஒன்றின் திரையில், வட்ட வட்டமாகக் கோடு போட்ட பிளாஸ்டிக் தகடு இருந்ததை அவள் முன்பே பார்த்திருந்தாள். தீவில் பார்த்த கண்ணாடியின் அதே வளையங்கள்.

"இத்தக் குடுண்ணே. சாய்ங்காலம் ஏரிக்கரைக்கு வா."

பொழுது சாய்ந்ததும் வெங்கடேசன் பைக்கில் ஏரியின் எதிர்க்கரைக்குப் போனார். இந்தக் கரையில் பரிமளாவின் புருஷன் ஜான்சன் தகட்டை நிமிர்த்திப் பிடித்தான். அவள் அதன் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சார்ஜ் பல்பைப் பிடித்தாள். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் வெங்கடேசனின் சிரிப்பு கேட்டது. "மின்மினிப் பூச்சி மாரி கீது."

பரிமளாவின் முகம் சுண்டிப்போனது. ஜான்சன் மெல்லக் கேட்டான்: "தீவுல பல்பு எங்க இருந்துச்சு?"

"கண்ணாடிய வுட்டுத் தள்ளி. அளவு பாத்து நிறுத்தியிருந்தாங்க."

சட்டென்று அவளுக்குப் புரிந்தது. பல்பைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்தாள். ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண்.

"இரு பரிமளா, எவனோ எதுர பைக்ல வரான். அவன் ஹெட்லைட்டுல உன் பல்பே தெரியல. போவட்டும்" என்றார் வெங்கடேசன்.

பரிமளா பல்பின் முன்னால் கையை வைத்து மறைத்தாள். எடுத்தாள். மறுபடி மறைத்தாள்.

"இன்னாது, ஹெட்லைட்டு அணஞ்சி அணஞ்சி எரியிது?" என்றார் வெங்கடேசன் போனில்.

"அய்ய... அது நீயா?"

கரையே கைதட்டியது. ஜான்சன் சிரித்த சிரிப்பில் தகடு ஆடியது. தண்ணீர்மேல் வெளிச்சமும் சேர்ந்து ஆடியது. அதன்பிறகு ஆளாளுக்குப் பல்பைப் பிடித்துப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் காலையில் வெங்கடேசன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அடுத்த தபா போம்போது அங்க எலக்ட்ரீசியன் வேணுமான்னு கேட்டுச் சொல்றியா?"