குளிர்காலத்தின் நான்காவது கேரவன்

டாஸ்மேனியாவின் ஜூலைக் குளிரில் எரிவாயு ஆய்வாளர் மெர்வ் கேரவன் வண்டிகளிலேயே ஆட்கள் குடியிருக்கும் இதே பூங்காவுக்கு வருவது இது நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் அதே ஹீட்டர், அதே மயக்கம், அதே ஆம்புலன்ஸ். இந்த முறை மாட்டியது டெஸ்மண்ட். பக்கத்துக் கேரவன்காரி கதவை உடைத்து வெளியே இழுத்துப் போட்டதால் நேற்றுப் பிழைத்தான்.

"சிலிண்டர்ல ஓட்டையா?" என்றான் டெஸ்மண்ட், கனக்கும் தலையைப் பிடித்துக்கொண்டு.

"சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. உள்ள காத்தோட்டம் இல்ல, அதான் விஷவாயு தேங்கிடுச்சு. காத்துத் துளைய அடைக்காதீங்கன்னு போன வருஷமே தொண்டை கிழியக் கத்தினேனே!"

"நீ சொன்னப்புறம் துணி கிணி எதுவும் அடைக்கலப்பா, சத்தியமா."

"அப்புறம் துளை எங்கே?"

டெஸ்மண்ட் கட்டிலுக்கடியில் கைகாட்டினான். மெர்வ் முட்டி வலிக்கக் குனிந்து பார்த்தான். 'துளையை அடைக்காதீர்' என்று அச்சடித்து, போன வருஷம் அவனே கேரவன் கேரவனாகக் கொடுத்த மஞ்சள் ஸ்டிக்கர்கள் நான்கு, துளையே தெரியாமல் நெருக்கமாக ஒட்டியிருந்தன.

"ஒண்ணு பத்தல. அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கினேன்," என்றான் டெஸ்மண்ட். "நல்ல ஸ்டிக்கர், மெர்வ். பொட்டுக் காத்து உள்ள வரல."