அழிச்சிட்டு மறுபடி போடு

எந்தச் செயலி மக்கர் பண்ணினாலும் அவன் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். "அழிச்சிட்டு மறுபடி போடு." மாமியார் ஃபோனில் படம் வரவில்லையா, அழிச்சிட்டு மறுபடி போடு. பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் திணறுகிறதா, அழிச்சிட்டு மறுபடி போடு. மொபைல் செயலிகள் எழுதுவதுதான் அவன் பிழைப்பு என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தன் வேலையிலும் அவன் அப்படித்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சோதனை ஃபோனிலிருந்து செயலியைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாக ஏற்றுவான். சுத்தமான இடத்தில் ஆரம்பிப்பதில் அவன் மனசுக்கு ஒரு நிம்மதி.

எதிர்த்துப் பேசும் ஒரே ஆள் அவன் கொழுந்தியாள். மனைவியின் தங்கை. அவன் எழுதுவதை அதே அறையில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. பெற்றவர்கள் அழகான பெயர்தான் வைத்திருந்தார்கள். அவன் கூப்பிடுவது 'குடைச்சல்' என்று.

"அத்தான், ஜனங்க யாரும் அழிச்சிட்டுப் போட மாட்டாங்க. பழசு மேலயே புதுசு வந்து உக்காரும். அதை எப்ப சோதிச்சுப் பாக்கப் போறோம்?"

"பாப்போம்."

"உங்க 'பாப்போம்' எல்லாத்தையும் அடுக்கி வச்சா இந்த ரூம் பத்தாது."

ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே அவன் விடும் இடைவெளியில் அவள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடுவாள்.

அவன் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். ஆறு வருஷத்துக்கு முன்பு அவளுக்காக ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தான். அவள் கையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தேதி, எடை, கீழே அவள் விருப்பப்படி ஒரு வரி. பெயர் கிடையாது. அந்த வரியில் என்ன எழுதுகிறாய் என்று அவன் கேட்டதில்லை, அவளும் காட்டியதில்லை. அறுநூற்றுச் சொச்சம் குழந்தைகள் அவள் ஃபோனில் மட்டும் இருந்தார்கள். வேறெங்கும் நகல் இல்லை. பார்த்த நர்சுகளெல்லாம் எனக்கு, எனக்கு என்று கேட்டு, இப்போது இருநூறு பேர் அதை வைத்திருந்தார்கள்.

இந்த மாதம் அவன் அதன் உட்புறத்தை மாற்றினான். பழைய கோப்புக்குப் பதிலாகச் சட்டென்று தேடக்கூடிய புதுக் கோப்பு. காலை ஒன்பது மணிக்குப் புதிய பதிப்பை வெளியிடப் போனான்.

"முதல்ல நூத்துக்கு அஞ்சு பேருக்கு மட்டும் விடுங்க," என்றாள் குடைச்சல். "ஏதாவது ஆனா பத்து பேர்கிட்ட அடி வாங்கினா போதும்."

அப்படியே விட்டான். அந்தப் பத்துப் பேரில் மனைவியும் ஒருத்தி என்பது பத்தரை மணிக்கு அவள் அனுப்பிய செய்தியில்தான் தெரிந்தது. 'ஆப் காலியா இருக்கு. ஒண்ணுமே இல்ல. இப்ப ஒரு கேஸ். முடிஞ்சதும் நீங்க சொல்ற மாதிரி அழிச்சிட்டு மறுபடி போட்டுக்கறேன்.'

அவன் அதை இரண்டு முறை படித்தான். என்ன நடந்திருக்கும் என்று உடனே புரிந்துவிட்டது. புதிய பதிப்பு புதுக் கோப்பைத் தேடியிருக்கிறது. இல்லையென்றதும் காலியாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. பழைய கோப்பு அதன் பக்கத்திலேயே, யாரும் திறக்காத பெட்டியாக, பத்திரமாக இருக்கிறது. செயலியை அழிக்கிற நிமிஷம் வரைதான் அந்தப் பத்திரம். அழித்தால் பெட்டியும் போய்விடும்.

ஃபோனைக் கொழுந்தியாளிடம் நீட்டினான். அவள் படித்தாள். முதலில் அவள் கணினியில் புதிய பதிப்பு மேற்கொண்டு யாருக்கும் போகாமல் நிறுத்தினாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. 'அழிக்காதே' என்று அவன் அனுப்பிய செய்தியும் படிக்கப்படாமல் கிடந்தது.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும் என்று அதைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு நடந்தான். பின்னால் கேபிளும் சோதனை ஃபோனுமாகக் குடைச்சல்.

"பழைய கோப்பு இருந்தா எடுத்து புதுசுல போட்டுடணும். அவ்வளவுதான்," என்றான்.

"அக்கா காலையில புதுசுல ஏதாவது எழுதியிருந்தா? பழசைக் கொண்டுபோய் அது மேல கொட்டிடாதீங்க. ரெண்டையும் சேக்கணும்."

அவன் நடுத்தெருவில் நின்றான். "நீ உண்மையிலயே குடைச்சல்தான்."

"விசிட்டிங் கார்டுல போட்டுக்கறேன். நடங்க."

வார்டு வாசலில் காவலாளி மறித்தார். "யாருக்குப் பிரசவம்?"

"அத்தானுக்கு," என்றாள் அவள். "நேரம் நெருங்கிடுச்சு."

அவன் முகத்தைப் பார்த்த காவலாளி பெஞ்சைக் காட்டினார்.

மனைவி உள்ளேதான் இருந்தாள். பெஞ்சில் அவன் எழுத, குடைச்சல் சோதித்தாள். இந்த முறை துடைக்கவில்லை. பழைய பதிப்பை ஏற்றி அதில் பத்துக் குழந்தைகளைப் பிறக்க வைத்தாள். மேலே கோளாறான பதிப்பை ஏற்றி இன்னொன்று. அதற்கும் மேலே அவன் திருத்தியதை ஏற்றினாள்.

"பத்துதான் இருக்கு. பதினொண்ணு வரணும்."

"எது காணோம்?"

"எடை எழுதாம ஒண்ணு போட்டேன். அதைக் கீழ போட்டுட்டீங்க."

"எடை எழுதாம எந்த நர்ஸ் விடுவா?"

"எழுதுங்க அத்தான்."

எழுதினான். பதினொன்றும் வந்தன.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. "ரெண்டு பேரும் ஏன் இப்படி வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அழிச்சிட்டியா?"

"எதை?"

"ஆப்பை."

"நீங்க சொன்ன உடனே செய்ய நான் என்ன உங்க கம்ப்யூட்டரா? டீ குடிச்சிட்டு செய்யலாம்னு இருந்தேன்."

பத்து வருஷக் குடும்ப வாழ்க்கையில், தன் பேச்சு எடுபடாததற்காக அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவள் ஃபோனில் கேபிளைச் செருகினார்கள். திருத்திய பதிப்பு முதலில் பழைய கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் மற்றதைத் தொடும்படி எழுதியிருந்தான். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வரிகள் மேலிருந்து கீழே மளமளவென்று இறங்கின. அறுநூற்றுப் பன்னிரண்டு.

"நேத்து வரைக்கும் அறுநூத்தி பதினொண்ணு, காலையில ஒண்ணு," என்றாள் மனைவி, திரையைப் பார்க்காமலே.

"எண்ணிக்கை சரி. உள்ள இருக்கறது சரியான்னு படிச்சாதான் தெரியும்," என்றாள் தங்கை.

மனைவி கணவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு படித்தாள்.

"மூணு கிலோ நூறு. அழலை. தும்மிச்சு."

"ரெண்டு கிலோ எண்ணூறு. அப்பாவுக்கு மயக்கம். முதல் சிகிச்சை அவருக்கு."

"எடை பாக்க முடியலை. லிஃப்ட்ல பொறந்தாச்சு. லிஃப்ட் ஆளுக்குக் கை நடுக்கம், எனக்குச் சிரிப்பு."

குடைச்சல் அத்தானின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"இரட்டை. ரெண்டாவது வரதுக்கு நாப்பது நிமிஷம். முதலாவது காத்திருந்து காத்திருந்து தூங்கிடுச்சு."

உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மனைவி எழுந்தாள். நாலடி போய்த் திரும்பி வந்து ஃபோனை அவன் மடியில் வைத்தாள். "மீதியை நீங்களே படிச்சு சரி பாருங்க."

"அத்தான், இன்னும் ஒம்பது பேர் காலி லிஸ்டைப் பாத்துட்டு இருக்காங்க," என்றாள் குடைச்சல்.

அவன் திருத்திய பதிப்பை அந்த ஒன்பது பேருக்கும் அனுப்பினான். அனுப்பியாயிற்று என்று திரை சொன்னபின் நகர்ந்து உட்கார்ந்து, இருவருக்கும் நடுவே ஃபோனைப் பிடித்து அடுத்த வரியைப் படித்தான்.

'ரெண்டு கிலோ தொள்ளாயிரம். கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் முதல்ல பாத்துச்சு. அம்மாகிட்ட சொல்லலை.'