வேணுமெண்டு பழசாக்கின பூசணிக்காயள்

அந்த மெயில் நாலே நாலு வரிதான். அனுஷன் அதைப் பதினாலு தரம் வாசிச்சிட்டான்.

எல்லர்ஸ்லியில அவன் வேலை செய்யிற ஒஃபிஸில, வாற புதன்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடி இலையுதிர்காலத்துக்கெண்டு சின்னச் சின்ன மரச் சோடினையள் செய்யப் போயினமாம். பூசணிக்காய், இலை, அணில், இப்பிடி. இந்த நியூசிலாந்தில அணிலே இல்லை, ஒக்லாந்தில பாதி மரம் இலையும் கொட்டாது. அதை ஆர் கேக்கிறது? எல்லாம் 'ரஸ்டிக்'காய் இருக்கவேணுமாம். ஒண்டும் தெரிஞ்சிருக்கத் தேவையில்லை, சும்மா வாங்கோ எண்டு மனேச்சர் மெலிசா எழுதியிருந்தா.

சும்மா வாங்கோ எண்டா சும்மா போறதுக்கு அவனென்ன விசரனோ?

அதுவும் அந்தக் கிழமையில! வெள்ளிக்கிழமையோட அவன்ர மூண்டு மாசப் புரொபேஷன் முடியுது. வேலை நிக்குமோ போகுமோ எண்டு அண்டைக்குத்தான் மெலிசா சொல்லுவா. வேலை போனா விசாவும் அதின்ர வாலைப் பிடிச்சுக்கொண்டு போயிடும். போன மாசமே அவ மெதுவாய் ஒரு கதை சொன்னவ. "உன்ர வேலையில குறையில்லை அனுஷ். ஆனா நீ ஒருத்தரோடயும் சேருறாயில்லை."

அண்டையில இருந்து அவனுக்குச் சோறு இறங்கேல்லை. புதன்கிழமை சோதினை எண்டே முடிவு கட்டியிட்டான். திங்கக்கிழமை வகுப்பில படிப்பிக்கப் போற பாடத்தைச் சனிக்கிழமை ரியூசனிலயே முடிச்சிட்டுப் போய், ரீச்சர் வாய் திறக்க முந்திக் கையைத் தூக்கின பிள்ளை அவன். இதை மட்டும் சும்மா விடுவானோ?

ரானுயியில இராசமலர் மாமி வீட்டிலதான் அவன் அறையெடுத்து இருக்கிறான். மாமியின்ர மகள் கம்சாயினி இங்க பிறந்தவள். அவளிட்டத்தான் கேட்டான்.

"கம்சா, ரஸ்டிக் எண்டா என்ன?"

அவள் ஃபோனில இருந்து கண்ணை எடுக்கேல்லை. "லைக்... ஓல்ட் அண்ட் புரோக்கன். பட் ஆன் பேர்ப்பஸ்."

"அப்ப எங்கட கார் மாதிரியோ?" எண்டா மாமி.

"நோ அம்மா. கார் இஸ் ஜஸ்ட் புரோக்கன்."

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிப் போட்ட கொப்பைக் கேட்டு வாங்கி, கராஜுக்க இருந்து அனுஷன் அரியத் தொடங்கினான். வாள் பிடிச்சுப் பழக்கமில்லை. முதல் ரெண்டும் பூசணிக்காயாய் வராமல் கடிச்ச பிஸ்கட்டாய் வந்துது. ஞாயிறு பின்னேரம் பன்னிரண்டு பூசணிக்காய் நிண்டுது. பட்டை உரிக்கேல்லை, வெடிப்பு மூடேல்லை, செம்மஞ்சள் பெயின்ற் அடிச்சுப் பாதியைத் தேய்ச்சு விட்டிருந்தான். காம்புக்குக் கறுவாத் துண்டு, கழுத்தில சணல் கயிறு.

மாமி எட்டிப் பாத்தா. "தம்பி, கறியில போடுறதைக் கொண்டுபோய் விறகில குத்தி வைச்சிருக்கிறாய்."

"அதுதான் மாமி இப்ப ஸ்டைல்."

"ஸ்டைலோ? எப்ப முடியும்?"

"முடிஞ்சுது மாமி."

மாமி ஒண்டைத் தூக்கி வெடிப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பாவம், பெடியனுக்குச் செய்யத் தெரியேல்லை, சொல்ல வெக்கப்படுறான் எண்டு நினைச்சா. வெளியாளுக்குக் குடுக்கிற சாமானை அரைகுறையாய்க் குடுக்கிறது அவவின்ர பரம்பரையிலயே இல்லை. பலகாரம் குடுத்துவிட்டாலும் உடைஞ்ச முறுக்கு வீட்டுக்கு, முழு முறுக்குத்தான் அயலுக்கு. அதுவும் வேலை நிக்கவோ போகவோ எண்டு கிடக்கேக்க?

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போன கையோட மாமி சீலையை இழுத்துச் செருகினா. பட்டையை உரிச்சா. வெடிப்பெல்லாம் பூசி அடைச்சா. உரஞ்சி உரஞ்சிப் பளிங்காக்கி, செம்மஞ்சள் பெயின்ற் முழுசாய் அடிச்சு, அதுக்கு மேல ரெண்டு தரம் வார்னிஷ். காஞ்சாப் பிறகு பெட்டியில அடுக்கி ரேப்பும் ஒட்டியிட்டா.

"கட்டி வைச்சிருக்கிறன் தம்பி. வழியில திறக்காதை, குலைஞ்சிடும்."

மாமி இவ்வளவு அக்கறையோ எண்டு அவனுக்குக் கண் கலங்கிப் போச்சு. புதன்கிழமை ரெயினில பெட்டியை மடியிலயே வைச்சுக்கொண்டு போனான்.

ஒஃபிஸில பெரிய மேசை. மேசை நிறைய மரத் துண்டு, பசை, சாண்ட் பேப்பர். கணக்குப் பகுதி கிரெக் வாளைத் தலைகீழாய்ப் பிடிச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அனுஷன் நடுவில போய் நிண்டு ரேப்பைக் கிழிச்சான்.

பன்னிரண்டும் கலியாண வீட்டு லட்டு மாதிரி மினுங்குது.

பட்டையுமில்லை, வெடிப்புமில்லை; மாமியின்ர கைவேலை எண்டு அனுஷனுக்கு அப்பத்தான் விளங்கிச்சுது.

"ஓ..." எண்டா மெலிசா. "நீ ஏற்கெனவே செய்து முடிச்சிட்டியோ?"

பக்கத்தில நிண்ட சென்னைக்கார ரஷ்மி குனிஞ்சு காதுக்க சொன்னாள். "அய்யோ அனுஷன், மெயில ஒழுங்கா படிச்சீங்களா? இங்க வந்து எல்லாரும் சேந்து செய்யணும்னுதானே சொன்னாங்க! இப்படி தனியா முடிச்சுக் கொண்டுவந்தா என்ன அர்த்தம்?"

சேருறாயில்லை. அந்தச் சொல் அவன்ர மண்டைக்க மணியடிச்சுது. வெள்ளிக்கிழமை மெலிசா இதையே எழுதுவா. வேலை, விசா, ஊருக்கு ரிக்கெற், எல்லாம் வரிசையாய்க் கண்ணுக்கு முன்னால வந்துது.

பயத்தில வாய் தானாய்த் திறந்துது. "இல்லை, இல்லை! இது முடியேல்லை. இது பாதிதான். இனித்தான் வேலை. இதை எல்லாருமாய்ச் சேர்ந்து பழுதாக்கவேணும்!"

"பழுதாக்கிறதோ?"

"ஓம். புதுசாய்ச் செய்து அடிச்சுப் பழசாக்கினாத்தான் உண்மையான ரஸ்டிக்." எங்க இருந்து வந்துதெண்டு அவனுக்கே தெரியாது.

ஆளுக்கொண்டாய் எடுத்திச்சினம். மாமியின்ர வார்னிஷ் லேசில போகுமோ? கிரெக் பூனையைத் தடவுற மாதிரித் தடவிக்கொண்டு நிண்டார். அனுஷனுக்குப் பொறுக்கேல்லை.

"கிரெக், என்ன செய்யிறீங்கள்? இன்னும் வடிவாய் வருது! விடாதேங்கோ, சாவியால கீறுங்கோ!"

மூண்டு மாசத்தில கிரெக் சிரிச்சதை அனுஷன் அண்டைக்குத்தான் கண்டான். ரஷ்மி தன்ரயைச் சுத்தியலால குத்தினாள். மெலிசா சப்பாத்தைக் கழட்டி, குதியால நாலு சாத்துச் சாத்தினா. "இது போன கிழமை மீற்றிங்குக்கு!" எண்டா. அனுஷன் ஒவ்வொருத்தராய்ப் போய், காணாது, இன்னும் கேவலமாய் வரவேணும் எண்டு அதட்டிக்கொண்டு திரிஞ்சான். ஒண்டு ரெண்டாய்ப் பிளந்துது. அதைத்தான் எல்லாருமாய் மேசை நடுவில வைச்சு ஃபோட்டோ எடுத்தது.

வெள்ளிக்கிழமை மெலிசா கதவைச் சாத்திப்போட்டு அவனைப் பற்றி எழுதின அறிக்கையை வாசிச்சா. "குழுவை ஒண்டு சேர்த்தவர். தலைமை தாங்கத் தெரிஞ்சவர். மற்றவையின்ர குறையை முகத்துக்கு நேரை சொல்லக் கூச்சப்படாதவர்." ஒரு முழுப் பக்கம் பூசணிக்காய்.

"மெலிசா, நான் மூண்டு மாசமாய்ச் செய்த ரிப்போட்...?"

"ஓ, அதுவோ? நல்லாயிருக்குமெண்டு நினைக்கிறன். நான் இன்னும் திறந்து பாக்கேல்லை."

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டா. வேலை நிரந்தரம்.

"இன்னொண்டு," எண்டா அவ. "குளிர் காலத்தில மாவோரி ஆக்களின்ர புதுவருசம், மாட்டாரிகி வருது. நட்சத்திரமெல்லாம் செய்து தூக்கவேணும். அதுக்கும் நீதான் பொறுப்பு, சரியோ?"

அனுஷன் தன்ர சீவியத்தில ஒரு நட்சத்திரம் வெட்டினதில்லை.

"ஓமோம்," எண்டான். "வீட்டில எப்பவும் செய்யிறதுதானே."