ரெண்டு பக்கத்து நாய்கள்

முனீஸ்வரிக்கு நாய் என்றாலே ஆகாது. தெருவில் ஒன்று குறுக்கே வந்தால் மூன்று தெரு சுற்றிப் போகிறவள். அப்படிப்பட்டவளுடைய தலையெழுத்து பன்னிரண்டு நாய்களின் காலில் போய் மாட்டிக்கொண்டது என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் குருசாமி பைபர் பட்டறை வைத்திருக்கிறார். பைக்குக்கு மட்கார்டு, சைடு பேனல் என்று கேட்ட வடிவில், கண்ணாடி இழைத் துணியை ரெசின் பசையோடு மோல்டில் வார்த்துக் கொடுப்பார். முனீஸ்வரி அங்கே மூன்று வருடமாக உப்புத்தாள் தேய்க்கிறாள். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடித் தூள் தோலில் இறங்கும். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அரிப்பு அடங்காது. கழுத்தும் முழங்கையும் தடித்தே கிடக்கும். "மோல்டு வேலைய எனக்குத் தாங்க அண்ணாச்சி" என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகு, போன வாரம்தான் மனுஷன் இரங்கினார்.

"இந்த ஒரு வேல. ஒழுங்கா வந்தா மோல்டு ஒனக்கு. சொதப்புனா, பொறவு உப்புத்தாளத் தவிர எதையும் தொடக்கூடாது, ஆமா."

வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் ராம்கியுடையது. நாய் வளர்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை நாய்க் கண்காட்சியில் தன் பைக்கிலேயே போய் இறங்க வேண்டும் என்று ஆசை. மெல்லிய பைபர் துணியில் பாய்ந்தோடும் நாய்களை வெள்ளை மையால் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். ரெண்டு சைடு பேனலுக்கு ரெண்டே துண்டு, துண்டுக்கு ஆறு நாய். ஒரு சாண்கூட மிச்சம் கிடையாது. துணியும் வெள்ளை, மையும் வெள்ளை என்பதால் காய்ந்த துணியில் நாய் இருப்பதே தெரியாது. ரெசின் பட்டதும் துணி கண்ணாடியாகி, நாய்கள் மட்டும் எழுந்து நிற்கும். அதன் பின்னால் கறுப்பு ரெசினில் ரெண்டு அடுக்கு வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

"மோல்டுல ஒட்டுத பக்கந்தான் நாளைக்கு வெளிய தெரியும். அதனால அச்சு குப்புறக் கெடக்கணும். ரெண்டுக்கும் அப்படித்தான்" என்று குருசாமி படித்துப் படித்துச் சொன்னார்.

வியாழக்கிழமை வலப்பக்கத்துப் பேனல் அப்பழுக்கில்லாமல் வந்தது. வெள்ளிக்கிழமை குருசாமி வெளியே போயிருந்த நேரத்தில் இடப்பக்கத்தை ஆரம்பித்தாள். அச்சுப் பக்கம் எது என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும், சொரசொரப்பாக இருக்கும். அன்றைக்கு அவசரத்தில் கையுறையை முதலில் மாட்டிவிட்டாள். ரப்பருக்குச் சொரசொரப்பும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. துணியை விரித்து ரெசினைத் தடவினாள். நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பிரஷ் நேராக மையிலேயே உரசியது.

அச்சு மேலே இருந்தது.

ரெசினை இறுக்கும் ஹார்ட்னர் கலந்தாயிற்று. இனித் துணியை உரித்தால் நாய்கள் இழுபட்டு ஒட்டகமாகிவிடும். வேறு வழி தெரியாமல் கறுப்பு அடுக்குகளை மேலே வைத்து மூடினாள். திரும்பி வந்த குருசாமியிடம் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பயம்.

சனிக்கிழமை காலையில் ராம்கி பைக்கோடு வந்து நின்றான். குருசாமி மோல்டைப் பிளக்க ஆப்பை எடுத்தார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, துணியப் பொறட்டிப் போட்டுட்டேன். நேத்தே சொல்லிருக்கணும், பயந்துட்டேன்."

குருசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆப்பைச் செருகித் தட்டினார். பேனல் டப்பென்று விட்டுக்கொண்டு வந்தது. கறுப்புப் பளபளப்பில் ஆறு நாய்களும் பளிச்சென்று இருந்தன. துணி மெல்லிசு, கண்ணாடியானபின் முதுகும் முகமும் ஒன்றாகிவிட்டன. முனீஸ்வரிக்குப் பாதி மூச்சு வந்தது.

குருசாமி வலப்பக்கத்துப் பேனலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அந்த மூச்சும் நின்றது. அதில் நாய்கள் வலமாக ஓடின, இதில் இடமாக ஓடின.

"எதிரும் புதிருமால்லா ஓடுது!" என்று கத்தினார்.

ராம்கி அதைக் காதில் வாங்கவில்லை. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி ரெண்டையும் தூக்கிக்கொண்டுபோய் பைக்கில் மாட்டினான். சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, சூப்பரு! ரெண்டு பக்கமும் ஹெட்லைட்டப் பாத்துல்லா பாயுது!"

குருசாமி பைக்கை மூன்று தடவை சுற்றினார். வலப்பக்கம் நின்றால் பைக்கின் தலை வலக்கைப் பக்கம், இடப்பக்கம் நின்றால் இடக்கைப் பக்கம். விஷயம் அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"அப்ப நான் சொன்னாப்புல போட்டிருந்தா..."

"எடப்பக்கத்து ஆறும் டெயில் லைட்டப் பாத்துப் பயந்து ஓடிருக்கும்" என்றான் ராம்கி. "கண்காட்சில என் மானம் போயிருக்குமே! அச்சடிச்ச எனக்கே தோணலையே!"

முனீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ரெண்டையும் விட்டாள்.

ராம்கி போன பிறகு குருசாமி தொண்டையைச் செருமினார்.

"நீ செஞ்சதும் தப்புதான், மறைச்சதும் தப்புதான். ஆனா நான் சொன்னது அத விடத் தப்பு. திங்கக்கிழமைலருந்து மோல்டுல நில்லு."

"அப்ப தேய்க்கதுக்கு யாரு அண்ணாச்சி?"

"ஆளு கெடைக்க வரைக்கும் நாந்தான்." சொல்லிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டி, ஒரு மட்கார்டை மடியில் வைத்துத் தேய்க்க உட்கார்ந்தார்.

"சட்டைக் கைய எறக்கி விடுங்க அண்ணாச்சி" என்றாள் முனீஸ்வரி. "அரிக்கும்."